எழுபத்தொரு நாள் பராமரிப்பு

எங்கள் கம்பெனியில் அல்லியைப் பிடிக்காதவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். பிடித்தவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. நான் இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற லாரியையும் வெளியே போகிற லாரியையும் எழுதிக்கொண்டிருக்கிறவன். பெயர் தெட்சிணாமூர்த்தி. அல்லியைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவள் செய்த ஒரே தப்பை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான் என்பேன். அந்தத் தகுதி போதும்.

காரைக்காலிலிருந்து வாஞ்சூர் போகிற சாலையில் இருக்கிறது கம்பெனி. ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கிறோம். துணியையும் காகிதக் கூழையும் வெளுக்க வைக்கிற திரவம். பார்த்தால் தண்ணீர்தான். ஒரு துளி விரலில் பட்டால் தோல் சுண்ணாம்பு தொட்டது போல வெளுத்து, சுருக்கென்று எரியும். இரண்டு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஈரோட்டுக்கும் கரூருக்கும் எங்கள் டேங்கர் லாரிகள் போகும். நூற்று நாற்பது பேருக்கு அதில்தான் சோறு.

அல்லி சுரக்குடிக்காரி. குத்தகைக்கு உழுத அப்பாவின் நான்காவது பெண். காரைக்காலில் பெண்கள் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் லேபில் தற்காலிக வேலைக்கு வந்தாள். அந்த வருஷமே தொட்டிப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியபோது, நான் போகிறேன் என்று நின்றாள். முப்பதடி உயரத் தொட்டி மேல் ஏணியில் ஏறி, அதற்கென்றே கழுவித் துடைத்து வைத்த ஸ்டீல் கம்பியை இறக்கி, எத்தனை சென்டிமீட்டர் சரக்கு இருக்கிறது என்று தினமும் காலையில் அளக்கிற வேலை. பொம்பளைப் பிள்ளை ஏணி ஏறுவதா என்றார்கள். புடவை மேல் சட்டை, தலையில் ஹெல்மெட்டோடு முதல் நாளே ஏறி இறங்கி, "ஏறிட்டேன், இப்ப சொல்லுங்க" என்றாள்.

தொட்டிப் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆபீசுக்கு நடக்க வேண்டும், போக முக்கால் கிலோமீட்டர், வர முக்கால் கிலோமீட்டர். இரண்டு முறை மனு கொடுத்துப் பார்த்தாள். மூன்றாவது மனு எழுதவில்லை. ஆலையில் லாக் புக் என்று ஒன்று உண்டு. மெஷின் ஓடியது, நின்றது, ஏன் நின்றது, யார் எங்கே போனார், எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். அல்லி அதில் தினமும் எழுதினாள்: "கழிப்பறைக்குச் சென்றேன். நடை இருபத்திரண்டு நிமிடம். அதுவரை தொட்டியைக் கவனிக்க ஆள் இல்லாத நேரம் இருபத்திரண்டு நிமிடம்." ஒரு மாதம் விடாமல் எழுதினாள். பாதுகாப்பு ஆய்வுக்கு வந்த ஆள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மேனேஜரைப் பார்த்த பார்வையில், அடுத்த மாதமே செங்கல் இறங்கியது. கேட்டில் அந்தச் செங்கல் லாரியை எழுதினவன் நான்தான், சந்தோஷமாக எழுதினேன்.

இப்படிப்பட்டவள்தான் அந்தப் புத்தகத்தில் பொய் எழுதினாள். அதுவும் எழுபத்தொரு நாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பெராக்சைடு வந்து இறங்க ஆரம்பித்தது. கப்பல் வாடகை கொடுத்து, சுங்கம் கட்டி, லாரி ஏற்றி ஈரோடு போய்ச் சேர்ந்தும் எங்கள் விலையில் முக்கால் பங்குதான். தங்கள் நாட்டில் அவர்களே அந்த விலைக்கு விற்பதில்லை. எங்களை ஒழித்துவிட்டு அப்புறம் விலை ஏற்றிக்கொள்ளலாம் என்கிற கணக்கு. வருஷக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்த ஈரோட்டுக்காரர்கள் போனை எடுப்பதையே நிறுத்தினார்கள். என் கேட்டில் ஒரு நாளைக்குப் பதினான்கு லாரி நின்ற இடத்தில் மூன்று நின்றது, பிறகு ஒன்று நின்றது.

லாரி வராவிட்டால் சரக்கு வெளியே போகாது. தொட்டி மூன்றும் நிறைந்துவிட்டால் ஆலையை நிறுத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. முதல் முறை அப்படி நிறுத்தியது ஆயுத பூஜை முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை. லாக் புக் முந்தின நாள் பூஜையில் இருந்தது. அட்டையில் சந்தனமும் குங்குமமும் காயக்கூட இல்லை. அல்லி அதைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, லாரி ஏதாச்சும் வரும்னு சொல்லியிருக்காங்களா? ஏன் நிறுத்தினோம்னு காரணம் எழுதணும். ஆர்டர் இல்லைன்னுதான் எழுதணும்."

நம் ஊரில் யாராவது 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்களா? போய்விட்டு வருகிறேன் என்பார்கள். விளக்கை அணை என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை, குளிர வை என்பார்கள். கடையில் சரக்கு தீர்ந்துவிட்டால் கடைக்காரர் 'நாளைக்கு வரும்' என்பாரே தவிர, இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. பூஜையில் வைத்து எடுத்த புத்தகத்தில், அதுவும் வெள்ளிக்கிழமை, முதல் வரியே 'இல்லை' என்றா இருக்க வேண்டும்?

"வேணாம் அல்லி. அந்த வார்த்தைய அதுல எழுதாதே. பராமரிப்புன்னு போடு. மெஷின தொடச்சு எண்ணெய் போட்டா அதுவும் பராமரிப்புதானே" என்றேன்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். அவளும் சுரக்குடியில் விளக்குக் குளிர வைக்கிற வீட்டில் பிறந்தவள்தானே. 'பராமரிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு எட்டு மாதம், ஆலை நின்ற ஒவ்வொரு நாளும் அதே சொல்லை எழுதினாள். மேனேஜர் இளையபெருமாள் கீழே கையெழுத்துப் போட்டு, மாத அறிக்கையில் அப்படியே ஏற்றினார். அதை சென்னைத் தலைமை அலுவலகம் ஆண்டறிக்கையில் அச்சடித்தது. ஒருத்தரும் நடுவில் நின்று, அதென்னய்யா மெஷின் இவ்வளவு சீக்குப் பிடித்துக் கிடக்கிறது என்று கேட்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் இப்படி அநியாய விலைக்குக் கொண்டுவந்து கொட்டினால், அந்தச் சரக்கின் மேல் தனியாக ஒரு வரி போட நம் சட்டத்தில் இடமிருக்கிறது. டெல்லியில் வர்த்தக அமைச்சகத்தில் இதை விசாரிக்கவே ஓர் அலுவலகம் உண்டு. ஆனால் போய்க் கேட்டவுடன் போட்டுவிட மாட்டார்கள். அவன் விலையைக் குறைத்தது உண்மையா, நமக்கு விழுந்த அடி அதனால்தான் விழுந்ததா, இரண்டையும் நாம் காட்ட வேண்டும். எங்கள் கம்பெனி மனுப் போட்டது. இந்த வருஷம் மாசியில் விசாரணை வீடியோவில் நடந்தது. மேனேஜர் அறையில் டிவியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறக்குமதி செய்கிறவர்களின் வக்கீல் சாவகாசமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, எங்கள் ஆண்டறிக்கையைத் திரையில் காட்டினார். ஒரு வரியில் மஞ்சள் பூசியிருந்தது. 'ஆலை எழுபத்தொரு நாள் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது.' அவர்கள் மெஷினை அவர்களே பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விற்பனை எப்படி நடக்கும், இதற்கு வெளிநாட்டுச் சரக்கு என்ன செய்யும் என்று கேட்டார். எங்கள் பக்கத்து ஆலோசகர் தன் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். நான் அல்லியைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

பத்து நாளில் டெல்லி அதிகாரிகள் நேரில் வந்து புத்தகங்களைச் சரிபார்ப்பார்கள் என்று கடிதம் வந்தது. அன்று சாயங்காலம் இளையபெருமாள் ஒரு புது லாக் புக்கை எடுத்துக்கொண்டு தொட்டிப் பிரிவுக்கு வந்தார். என் கேட் புத்தகத்தோடு என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

"அல்லி, அந்த எட்டு மாசத்தையும் இதுல புதுசா எழுதிடு. பராமரிப்பு இருக்கிற எடத்துல, ஆர்டர் இல்லை, தொட்டி நிறைஞ்சிருக்குன்னு போடு. உண்மையத்தானே எழுதச் சொல்றேன்."

"உண்மைதான் சார். ஆனா தேதி பொய்யாச்சே."

"நூத்தி நாப்பது குடும்பம் அல்லி. வரி வரலைன்னா தலைமை ஆபீஸ்ல இந்த ஆலைய இழுத்து மூடிடுவாங்க. ஒனக்கும் மக நர்சிங் படிக்கிறா. யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன். எட்டு மாசம் ஒரே பேனாவுல, ஒரே மையில எழுதுனா, வர்றவங்களுக்குக் கண்ணு தெரியாதா? அந்தப் பொய்ய வெள்ளந்தியா எழுதினேன். இந்தப் பொய்ய தெரிஞ்சே எழுதச் சொல்றீங்க."

"நான் கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன் அல்லி. அது தெரியுமா ஒனக்கு?"

மனிதர் குரல் உடைந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும் பயந்தவன்தான், அதனால் எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

"தெரியும் சார். மேல போட்டது நான்" என்று சொல்லிவிட்டு, பழைய லாக் புக்குகளை அள்ளிக்கொண்டு போய் லேப் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பத்து நாளும் அந்தச் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. இளையபெருமாள் அந்தப் பத்து நாளும் அவளிடம் பேசவில்லை. கேன்டீனில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் குறைந்தது. இவள் திமிரால் நம் பிழைப்பு போகப் போகிறது என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் ஒரு கரண்டி சாம்பார் கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டெல்லியிலிருந்து வந்த பெண் அதிகாரி, ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். இன்னொருவர் கணக்குப் பார்க்கிறவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசினார். அந்தம்மா ஆங்கிலத்தில் கேட்பதை இவர் தமிழில் சொன்னார். முதல் நாளே அந்தம்மா லாக் புக்கில் விரலை வைத்துவிட்டார்.

"இந்த எழுபத்தொரு நாளும் என்ன பராமரிப்பு நடந்ததுன்னு கேக்கறாங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

இளையபெருமாள் தொண்டையைச் செருமினார். அதற்குள் அல்லி எழுந்துவிட்டாள்.

"ஒரு பராமரிப்பும் நடக்கலைங்க. அது நான் எழுதின பொய். லாரி வரல, தொட்டி நிறைஞ்சு போச்சு, ஆலைய நிறுத்தினோம். அதான் நடந்தது."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவர் கேட்டதைக் கோயம்புத்தூர்க்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒரு புத்தகத்துல பொய் எழுதினவங்களோட மத்தப் புத்தகத்தை எதுக்கு நம்பணும்னு கேக்கறாங்க."

"நம்ப வேணாம்னு சொல்லுங்க. பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள் அல்லி.

ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினாள். ஆலைக்குள் ஒரு ஸ்க்ரூ கழற்ற வேண்டுமென்றாலும் அனுமதிச் சீட்டுக் கிழிக்க வேண்டும். அந்தச் சீட்டுப் புத்தகத்தில், எழுபத்தொரு நாளில் கிழிந்தவை நாலே நாலு. பராமரிப்பு என்றால் வெளியிலிருந்து வெல்டர்கள் வர வேண்டும். என் கேட் புத்தகத்தில் அந்த நாட்களில் வெல்டர் என்று ஒரு பெயர் கிடையாது. என்னையே பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னாள். திருப்பினேன். கடைசியாகத் தன் தொட்டி அளவுப் புத்தகத்தை வைத்தாள். பத்தொன்பது வருஷமாகத் தினமும் காலையில் எழுதியது.

"பொய் எழுத வார்த்தை வேணும்ங்க. இதுல வார்த்தையே கெடையாது. வெறும் சென்டிமீட்டர். ஆலை நின்ன ஒவ்வொரு நாளும் மூணு தொட்டியும் கழுத்து வரைக்கும் நிக்குது பாருங்க. நேத்து அளவும் இருக்கு. நேத்துலேர்ந்து எவ்வளவு செஞ்சோம், எவ்வளவு வெளிய போச்சுன்னு நீங்களே கணக்குப் போடுங்க. போட்டுட்டு வாங்க, மேல ஏறி அளப்போம்."

அந்தம்மா உண்மையிலேயே எழுந்துவிட்டார். அவர் காலுக்கு எங்களிடம் பாதுகாப்பு ஷூ கிடைக்கவில்லை. இரண்டு சைஸ் பெரிய ஷூவை மாட்டிக்கொண்டு டக்டக்கென்று தொட்டிக்கு நடந்தார். முப்பதடி ஏணி. நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு, மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். அல்லி முன்னால் ஏறி, கம்பியை இறக்கி எடுத்து, அளவைப் படிக்காமல் அப்படியே கம்பியை அந்தம்மாவிடம் நீட்டினாள். அவரே படித்தார். கணக்குப் போட்டு வைத்திருந்த எண்ணுக்கும் கம்பியில் இருந்த ஈரத்துக்கும் இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

இறங்கி வந்தபோது அல்லியின் கையுறை ஓரத்தில் கசிந்து, இரண்டு விரல் நுனி வெளுத்திருந்தது. அந்தம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "இது சரியாயிடும்ங்க, தினமும் உள்ளதுதான்" என்று சொல்லிக் குழாயில் கையைக் காட்டினாள் அல்லி.

திரும்ப அறைக்கு வந்து உட்கார்ந்ததும், நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. பராமரிப்பு என்று எழுதச் சொன்னது யார்?

இளையபெருமாள் கைக்குட்டையை எடுத்தார். கேட்பது அவரைப் பற்றித்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் அல்லிக்கும் மட்டும்தான் தெரியும் அது யார் என்று. எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. சொல்லவா வேண்டும், வாயைத் திறக்கவில்லை.

"யாரும் சொல்லலைங்க. என் கை எழுதுச்சு" என்றாள் அல்லி. பிறகு காரணத்தைச் சொன்னாள். ஆயுத பூஜை, குங்குமம், வெள்ளிக்கிழமை, இல்லை என்ற சொல், எல்லாவற்றையும். கோயம்புத்தூர்க்காரர் சிரிக்காமல் மொழிபெயர்க்க ரொம்பப் பாடுபட்டார்.

அந்தம்மா சிரிக்கவில்லை. தன் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர் என்றும், ராத்திரியில் கடையை மூடு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, தங்கள் பாஷையில் கடையை வளர்த்து வை என்றுதான் சொல்வார் என்றும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த வாக்கியத்தில் அந்த மூச்சும் போனது. இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியாதாம். புத்தகத்தில் எழுதியது பொய் என்று அல்லி தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

இளையபெருமாள் தலையை அசைத்து வேண்டாம் என்றார். பொய்ப் பதிவு செய்தேன் என்று ஒரு தொழிலாளி எழுதிக் கொடுத்தால் கம்பெனி சட்டப்படி வேலையை விட்டே தூக்கலாம். அது அல்லிக்கும் தெரியும். அவள் பேனாவை எடுத்தாள். எழுபத்தொரு தேதியையும் வரிசையாக எழுதி, இந்த நாட்களில் பராமரிப்பு நடக்கவில்லை, நான் தவறாக எழுதினேன் என்று முடித்து, முழுப்பெயரோடு கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் கேட்டில் அவளை நிறுத்தினேன்.

"ஏன் அல்லி என்னைய சொல்லல?"

"உங்களைச் சொன்னா மட்டும் எழுதினது அழிஞ்சுடுமாண்ணே? உங்களுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. அது வரைக்கும் பயந்துக்கிட்டே இருங்க" என்று சிரித்துவிட்டு, "போய்ட்டு வரேன்" என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அந்தச் சிரிப்பு என்னைக் குத்தியது. திட்டியிருந்தால் தேவலை.

கம்பெனி மெமோ கொடுத்தது. பொய்ப் பதிவுக்காக உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அவள் எழுதிய பதிலை நான் பார்த்தேன். மூன்றே வரி. "பொய் எழுதியது உண்மை. இனி எழுத மாட்டேன். நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம்." ஏழு நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். ஏழு நாளும் அண்ணன் வயலில் நடவுக்குப் போனாளாம். எட்டாம் நாள் வெயிலில் கறுத்துப் போய், ஹெல்மெட்டை ஆட்டிக்கொண்டு கேட்டுக்குள் வந்தாள்.

நாலு மாதம் கழித்து விசாரணையின் முடிவு வந்தது. இருநூறு பக்கம். அதில் ஒரு பத்தியை இளையபெருமாள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் அல்லியிடம் கொடுத்தார். ஆலை நின்றது பராமரிப்பால் அல்ல, தொட்டிகள் நிறைந்ததால்தான் என்று நேரில் சரிபார்க்கப்பட்டது. எதிர்த்தரப்பு வாதம் ஏற்கப்படவில்லை. வரி போடலாம் என்று சிபாரிசு. அவள் பெயர் எங்கும் இல்லை. கேன்டீனில் அன்று பாயசம் போட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார அடித்துக்கொண்டார்கள். அவள் ஒருத்தரையும் ஏனென்று கேட்கவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, என் மேலும் சேர்த்து.

சிபாரிசுதான் வந்திருக்கிறது, வரி வரவில்லை. அதை நிதி அமைச்சகம் ஏற்று உத்தரவு போட வேண்டும். போடலாம், போடாமலும் விடலாம். மூன்று மாதம் அவகாசமாம். எழுபது நாள் முடிந்துவிட்டது.

நேற்று ஆயுத பூஜை. இன்று காலை மூன்று தொட்டியும் மறுபடி கழுத்து வரை நிறைந்துவிட்டது. அல்லி புது லாக் புக்கோடு கேட்டுக்கு வந்தாள். அட்டையில் குங்குமம் பளிச்சென்று இருந்தது.

"அண்ணே, இன்னைக்கு லாரி உண்டா?"

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "நாளைக்கு வரும்."

"நாளைக்கு வர்றத நாளைக்கு எழுதுவோம். இன்னைக்கு?"

நான் என் கேட் புத்தகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து வெறும் பக்கம்.

"இல்லை" என்றேன்.

அவள் நின்றபடியே முதல் பக்கத்தைத் திருப்பி, பெரிய எழுத்தில் எழுதினாள். "லாரி இல்லை. ஆர்டர் இல்லை. தொட்டி மூன்றும் நிறைந்தன. ஆலை நிறுத்தம்." கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சாட்சிக்கு நீங்களும் போடுங்கண்ணே."

அவள் பெயருக்குக் கீழே என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.